அட்டை கடித்தது யார் காதை?

கோப்பிச் செடிக்கு நோய் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்துத் துரைமாருக்கு எழுத்து வந்தது. அதற்கு முன்பு அவர்களுக்கு நேரமில்லை. முதலில் இலைக்கு அடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் படிந்தது. பிறகு இலை கொட்டியது. பிறகு காய் குறைந்தது. கண்டியில் நான் வேலை பார்த்த கோப்பி ஸ்டோரின் களத்தில், கொட்டை காய வேண்டிய இடத்தில் காக்கைகள் நடை பழகின. வேலை குறைந்துபோன ஒரு துரைக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. கப்பலேறிச் சீமைக்குப் போகலாம். அல்லது உட்கார்ந்து நினைவுக் குறிப்புகள் எழுதலாம். எங்கள் ஸ்டோர்த் துரைக்குக் கப்பல் என்று சொன்னாலே வாந்தி வரும். ஆகவே எழுதினார்.

இதில் எனக்கென்ன வேலை என்றால், நான் அவருடைய கணக்கப்பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவன். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல கையெழுத்து உள்ளவன். கையெழுத்து நன்றாக இருப்பவன் கதி இதுதான்: அடுத்தவன் வாழ்க்கையை எழுதியே அவன் வாழ்க்கை தீர்ந்துவிடும். துரையின் எழுத்தோ கோழி கிளறிய மண். அதைப் படித்துப் புரிந்துகொண்டு, லண்டனில் அச்சடிப்பவர்கள் மிரண்டு போகாதபடி படியெடுத்துத் தரச் சொன்னார். நான் உடனே சம்மதித்தேன், ஏனென்றால் எனக்கு ஓர் ஆசை இருந்தது. அந்தப் புத்தகத்தில் நானும் வரவேண்டும்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு வரி போதும். 'என் கணக்கப்பிள்ளை குடையைக் கொண்டு வந்தான்' என்று இருந்தால்கூடப் போதும். பதினைந்து வருஷம் குடை கொண்டு போனவனுக்கு இது அதிகப்படியான ஆசை இல்லை. கோப்பி போனாலும் ஸ்டோர் போனாலும் புத்தகம் இருக்கும் என்று நம்பினேன். காது ஓரம் நரைத்த பிறகும் மனிதன் எதையெல்லாம் நம்புகிறான் பாருங்கள்.

முதல் அத்தியாயத்தில் துரையின் பாட்டனார் வந்தார். இரண்டாவதில் கப்பலும் வாந்தியும். மூன்றாவதில் காலி நகரத்துத் துறைமுகம். நான்காவதில் காடு. 'நான் காட்டை வெட்டினேன், நான் எரித்தேன், நான் கன்று நட்டேன்' என்று எழுதியிருந்தார். பென்சில் சீவக்கூட ஆள் கூப்பிடுகிறவர் அவர். கங்காணியும் அவருடைய ஆட்களும் அந்த அத்தியாயத்தில் எங்கே போனார்கள் என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒருவரையும் காணோம். குதிரை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அதற்குப் பெயர் இருந்தது, குணம் இருந்தது, அவித்த கொள்ளு பிடிக்கும் என்ற தகவல்கூட இருந்தது.

நினைவுக் குறிப்புகளைப் பற்றி எனக்கு அப்போதே ஓர் அபிப்பிராயம் விழுந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால், கொட்டுகிற மழையில், கடுகண்ணாவைக் கணவாயில் இன்னொரு துரை சொன்ன பேச்சை ஒரு சொல் பிசகாமல் எழுதுவார். அதே மனிதர் காலையில் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று என்னைக் கேட்பார். அது அவர் நெற்றியில் இருக்கும். உண்மையை மட்டுமே எழுதுகிறேன் என்று சத்தியம் பண்ணித் தொடங்குகிற புத்தகத்தை நான் முதல் பக்கத்திலேயே கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிப்பேன்.

துரையின் மனைவி துரைசாணிக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. பொய்யென்று தெரிந்த கதைகளை மட்டுமே படிப்பார். கப்பல் வரும்போதெல்லாம் சீமையிலிருந்து அவருக்கு ஒரு பொட்டலம் வந்து, கொழும்பில் ரயிலேறிக் கண்டிக்கு வரும். அதற்குள் மலிவான தாளில், பகுதி பகுதியாக அச்சடித்த ஒரே ஒரு தொடர்கதை. இரத்தம் குடிக்கும் ஒரு பிரபுவின் கதை. செத்தவர், ஆனால் சாகாதவர். வெளுத்த முகம், கறுத்த அங்கி, நீண்ட பல். நிலா வெளிச்சம் பட்டால் எழுந்து உட்காருவார். உட்கார்ந்ததும் பக்கத்து மாளிகையில் யாருடைய கழுத்து காலியாக இருக்கிறது என்று பார்ப்பார். படித்து முடித்த பகுதிகளைத் துரைசாணி எனக்குக் கொடுத்துவிடுவார். நான் அவற்றைக் கோப்பிச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து படிப்பேன்.

அந்தக் கதையில் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். வரிக்கு இவ்வளவு என்று பேசி எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது. ஒரு கதவு திறப்பதற்கு ஒரு பக்கம் ஆகும். மூன்றாம் பகுதியில் கடிபட்ட பெண் முப்பதாம் பகுதியிலும் கடிபடுவாள். இத்தனைக்கும் அந்தப் பிள்ளையிடம் இரத்தம் எங்கிருந்து ஊறுகிறது என்று எழுதியவர் யோசிக்கவே இல்லை. ஈரல் கறி, முருங்கைக்கீரை ஏதாவது சாப்பிட்டாளா என்றால் அதுவும் இல்லை. சதா மயங்கி விழுந்துகொண்டே இருப்பாள்.

ஆனாலும் என் மனத்தைப் பிடித்துக்கொண்டவர் ஒருவர் அந்தக் கதையில் இருந்தார். பிரபுவின் வேலைக்காரக் கிழவர். ஒவ்வொரு பகுதியிலும் மெழுகுவர்த்தியோடு வந்து, 'பிரபுவே, வெளியே புயல்' என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு முதுகுவலி உண்டு. ஓர் அத்தியாயத்தில் கோபம்கூட வந்தது. ஆட்களைக் கடித்துக் குடிக்கிற வீட்டில் வேலைக்காரருக்கு ஒரு வசனம் கொடுத்திருந்தார்கள். எங்கள் துரையின் புத்தகத்தில் ஆறு அத்தியாயம் படியெடுத்தும் எனக்கு ஒரு தும்மல்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டில் இந்தக் கதையை மனைவிக்குச் சொல்வேன். அவள் தோட்டத்துப் பெண். அவள் வீட்டுக் குலதெய்வம் காட்டேரியம்மன். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனாலும் அந்தப் பிரபுவுக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வதென்று தெரியாமல், முதல் நாளே 'காட்டேரி' என்று சொல்லிவிட்டேன். அடுப்படியில் அகப்பை அந்தரத்தில் நின்றது.

"என்னங்க சொன்னீங்க?"

"ரத்தம் குடிக்கிறவன். வேற என்னன்னு சொல்றது?"

"எங்க சாமி பேரத் தூக்கி அந்த வெள்ளக்காரனுக்கு வைக்கிறீங்களே, நல்லாருக்கா? எங்க சாமி கோழி கேக்கும், சுருட்டு கேக்கும். வாய்விட்டுக் கேட்டு வாங்கும். வாங்கினா காப்பாத்தும். இந்தாளு ஜன்னல் வழியா பூந்து பொம்பளப் புள்ளைங்க கழுத்தக் கடிக்கிறான். ஒரு மொற வேணாம்?"

"சரி, பேய்னு வச்சுக்க."

"பேய்க்கு வேலைக்காரன் எதுக்கு? சம்பளம் குடுக்கிறானா?"

"அதப் பத்தி ஒண்ணும் எழுதல."

"அப்ப தொரையேதான்" என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கிண்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பிரபுவுக்குப் 'பல்லுத் தொரை' என்று பெயர்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்பாள்: "பொஸ்தகத்துல வந்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"பல்லுத் தொரைகிட்ட வேலைக்குச் சேந்திருந்தா இந்நேரம் எத்தன தடவ வந்திருப்பீங்க!"

இப்படி இருக்கும்போது துரைக்கு ஒரு நெருக்கடி வந்தது. திகனப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவரும் நினைவுக் குறிப்புகள் எழுதுவதாகவும், அதில் இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கென்றே ஓர் அத்தியாயம் இருப்பதாகவும் சேதி வந்தது. அட்டை இல்லாத மலைநாட்டுப் புத்தகத்தை யார் வாங்குவார்கள்? எங்கள் துரையோ பல வருஷமாகப் பட்டணத்து ஸ்டோரில் இருப்பவர். அட்டை விஷயத்தில் ஞாபகம் மங்கிவிட்டது. புதுப்பித்துக்கொள்ள ஹந்தானை மலையில் இருந்த ஒரு கோப்பித் தோட்டத்துக்குப் புறப்பட்டார். அவர் குதிரையில், துரைசாணி மட்டக்குதிரையில், நான் குடையோடு நடையில்.

மழை விட்டு இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. துரை முழங்கால் வரை சப்பாத்தும் அதற்கு மேல் தடித்த காலுறையும் போட்டிருந்தார். அட்டை பார்க்க வந்தவர் அட்டை ஏற வழி வைக்கவில்லை. இறங்கி நின்று சுற்றிப் பார்த்தார்.

"கணக்கப்பிள்ளை! அட்டை எங்கே? கூப்பிடு!"

அவருடைய தமிழ் கங்காணியிடம் கற்றது. அதில் ஏவல் மட்டும்தான் உண்டு; மற்ற வினைகளுக்கு அவருக்குத் தேவை ஏற்படவில்லை. அது கூப்பிட்டால் வருகிற பிராணி அல்ல என்று விளக்குவதைவிட ஒன்றைப் பிடித்துக் கொடுப்பது சுலபம் என்று, ஒரு புதருக்குள் தலையை விட்டுத் தேடினேன். நான் தேடிய அட்டை அகப்படவில்லை. என்னைத் தேடிய அட்டைக்கு நான் அகப்பட்டேன். கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியபோதுதான் இடது காதில் அது தொங்குவது தெரிந்தது. சட்டையின் கழுத்துப் பட்டை சிவந்துவிட்டது.

"ஐயா, கிடைச்சிருச்சு!" என்று நிமிர்ந்தேன்.

துரை என்னைப் பார்த்தார். இரத்தத்தைப் பார்த்தார். அவர் முகம் துரைசாணியின் கதையில் வரும் பிரபுவின் முகம்போல வெளுத்தது. அப்படியே கோப்பிச் செடிமேல் சாய்ந்தார்.

துரைசாணி இறங்கி வந்து அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை. முகத்துக்குக் குடை பிடியுங்கள்" என்றார். காதில் அட்டையோடு குடை பிடித்தேன். பக்கத்து நிரையில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் வந்தார். வாயில் வெற்றிலையும் புகையிலையும்.

"கணக்கப்பிள்ள ஐயா, கொஞ்சம் காதக் காட்டுங்க" என்றார். காட்டினேன். குறி தவறாமல் துப்பினார். அட்டை விழுந்தது. "பாவம், அதுவும் சாப்புடணும்ல" என்று சொல்லிவிட்டுப் பழம் பறிக்கப் போய்விட்டார்.

துரை கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினைந்து வருஷத்தில் முதல் முறை. "இது புத்தகத்தில் வரும்!" என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் மனைவி காதில் கோப்பித்தூளை அள்ளி அப்பினாள். அட்டை கடித்த வாய் சீக்கிரம் மூடாது.

"கடிச்சது யாரு, பல்லுத் தொரையா?"

"அட்ட. ஆனா கேளு, பொஸ்தகத்துல வரப்போறேன்!"

இன்னொரு சிட்டிகை தூளை அப்பினாள். "முழுசா வருவீங்களா, காது மட்டுமா?"

அடுத்த சனிக்கிழமை அந்த அத்தியாயம் என் மேசைக்கு வந்தது. கோழி கிளறிய எழுத்தை ஆவலோடு கூட்டிக் கூட்டி வாசித்தேன். 'ஒரு கொடிய அட்டை என் இடது காதைப் பற்றியது. குருதி வழிந்தது. நான் முகம் சுளிக்காமல் நின்றேன். என் குதிரை மட்டும் கலங்கியது.'

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு வகைப் புத்தகங்களையும் எடைபோட அன்றைக்கு எனக்கு நேரம் கிடைத்தது. பல்லுத் தொரை இரத்தத்தை மட்டும்தான் குடிப்பார். கடிபட்ட கதை கடிபட்டவருக்கே மிஞ்சும். அதைச் சொல்லி ஊரில் நாலு பேரை அழ வைக்கலாம். நினைவுக் குறிப்பு எழுதுகிறவர் இரத்தத்தோடு அந்தக் கதையையும் உறிஞ்சிக்கொள்வார். நிலா வெளிச்சம்கூட அவருக்குத் தேவையில்லை.

"நீங்கதான எழுதுறீங்க? 'என் கணக்கப்பிள்ள காது'ன்னு மாத்தி எழுதிடுங்களேன்" என்றாள் மனைவி.

படியெடுக்கிறவன் அப்படிச் செய்யக்கூடாது, அது தருமமல்ல என்றேன். தருமம் என்பது அந்த இடத்தில் பயத்துக்கு நான் கொடுத்த மரியாதையான பெயர். ஆனால் நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

பங்களா வராந்தாவில் துரை கதிரையில் சாய்ந்திருந்தார். எதிர்க் கதிரையில் துரைசாணி, கையில் புதிதாக வந்த பகுதி.

"ஐயா, அட்டை கடித்தது என் காதை" என்றேன்.

துரை கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கோபப்படவில்லை. திகைத்துப் போனார். அவர் கை தானாகவே தன் இடது காதுக்குப் போனது. தொட்டதும் முகம் சுளித்தார். அவருக்கு உண்மையிலேயே வலித்தது! "இல்லையே, இன்னும் புண்ணாக இருக்கிறதே" என்றார். நான் கோப்பித்தூள் அப்பிய என் காதைத் திருப்பிக் காட்டினேன். அவர் என் காதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

துரைசாணி தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவருடைய காதுதான். நீங்கள் மயங்கி விழுந்தீர்கள். இந்தக் கதையில் வரும் பெண் மாதிரியே."

துரையின் இரண்டு காதுகளும் சிவந்தன. தொண்டையைச் செருமினார். பிறகு தமிழில், "போ. நாளைக்கு வா" என்றார்.

அன்று மாலை என் மனைவியிடம் நியாயம் வென்றுவிட்டது என்று அறிவித்தேன். அவள் நம்பாத முகத்தோடுதான் என்றாலும் பாயசம் வைத்தாள்.

மறுநாள் போனேன். துரை, இரு தரப்புக்கும் பாதகமில்லாமல் வழக்கைத் தீர்த்துவிட்ட நீதிபதியின் முகத்தோடு புதுத் தாளை நீட்டினார். 'ஒரு கொடிய அட்டை என் குதிரையின் இடது காதைப் பற்றியது. குருதி வழிந்தது. அந்த உத்தமமான பிராணி முகம் சுளிக்காமல் நின்றது. நான் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தேன்.'

"இப்போ சரி?" என்றார்.

"சரி, ஐயா" என்றேன். என் காதுமில்லை, அவர் காதுமில்லை என்றால் வேறு என்ன சொல்வது? உட்கார்ந்து படியெடுத்தேன். 'குதிரை' என்ற சொல் என் கையெழுத்தில் அன்றைக்கு விசேஷமாக அமைந்தது.

மனைவி கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "குதிரைக்குக் கோப்பித்தூள் வச்சாங்களா?"

இதையெல்லாம் நானே எழுதிவிடுவது என்பது அப்போது வந்த யோசனைதான். நினைவுக் குறிப்புகளைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை; வேறு வழியில்லை, அவ்வளவுதான். பெயர் எதையும் எழுதுவதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டேன். துரை வரலாம், துரைசாணி வரலாம், குறி தவறாமல் துப்பிய அந்தப் பெண்ணும் வந்துவிட்டார், என் காது முழுசாக வந்துவிட்டது. குதிரைக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. எத்தனையோ முறை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், இப்போதும் நாக்கு நுனியில் நிற்கிறது. நிற்கட்டும்.