எட்வேட்டுக்கு இல்லாத கட்டம்

மெற்றில்டா மன்னாரில் ஆசிரியையாக இருந்தவர். புலம்பெயர்ந்தபின் தோர்ண்டன் ஹீத்தில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார். 1993 மே மாதம் ஒரு பல்கலைக்கழகம் அகதிக் குடும்பங்களை ஆராய வந்தபோது அவரை மொழிபெயர்க்க அழைத்தது. கேள்வி கேட்டவர் இலோனா, புடாபெஸ்டைச் சேர்ந்த பெண்.

முதலில், தையல் வேலை செய்து மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்த லூர்தம்மா வீட்டுக்குப் போனார்கள். அவருடைய கணவர் எட்வேட்டை 1990இல் வீட்டிலிருந்து யாரோ கூட்டிச்சென்றார்கள், பிறகு தகவலில்லை. உடலைக் காணாமல் ஒருவரை இறந்தவர் என்று எங்கள் சனம் சொல்வதில்லை. லூர்தம்மா தாலியைக் கழற்றவில்லை. நவம்பரில் கத்தோலிக்கக் கோயிலில் இறந்தோருக்கான பூசையில் வாசிக்க எட்வேட்டின் பெயரைக் கொடுத்ததுமில்லை.

படிவத்தில் நான்கு கட்டங்கள்: மணமாகாதவர், கணவரோடு வாழ்பவர், பிரிந்து வாழ்பவர், விதவை. கடைசிச் சொல்லை லூர்தம்மாவின் முகத்துக்கு நேரே சொல்ல மெற்றில்டாவுக்கு வாய் வரவில்லை. எட்வேட்டைக் கொண்டுபோனதை லூர்தம்மா சொல்லக் கேட்டபின்னும், இலோனாவிடம் மூன்றாவதைச் சொன்னார். இலோனா அடையாளமிட்டார்.

மறுவருடம் அறிக்கை வந்தது. அதில் லூர்தம்மாவின் பெயர் இல்லை. ஆனால் மன்னார்த் தையற்காரி, மூன்று பெண்பிள்ளைகள் என்றால் கோயிலில் யாருக்குத் தெரியாது? உடைந்த குடும்பத்துக்கு உதாரணமாக அவரைக் காட்டியிருந்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும், அதே கோயிலுக்கு வரும் பியற்றிஸ் கேட்டார்: "என்ன லூர்து, எட்வேட் அண்ணை உன்னை விட்டிட்டுப் போனவராமே? புத்தகத்திலயே போட்டிட்டினம்."

மெற்றில்டா இலோனாவைத் தொலைபேசியில் அழைத்தார். "கணவர் காணாமற்போனவர் என்று ஐந்தாவது கட்டம் வேண்டுமென்று நானும் கேட்டேன்," என்றார் இலோனா. "மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாமல் போகும் என்று பேராசிரியர் மறுத்தார். இப்போது எங்கள் ஊருக்கும் இப்படித்தான் கேள்விகளோடு போகிறார்கள். என் அம்மா என்ன சொன்னாலும், பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியின் பழக்கம் என்று எழுதுகிறார்கள்." அச்சானதை மாற்ற அவராலும் முடியவில்லை.

மெற்றில்டா லூர்தம்மாவிடம் போனார். லூர்தம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"நான் சொன்னது உனக்கு விளங்கினதுதானே?"

"ஓமக்கா."

"அவள் வெள்ளைக்காரி, அவளுக்கு விளங்காது. உனக்கென்ன?"

"நாலு கட்டந்தான் இருந்ததக்கா. ஒண்டில போடத்தானே வேணும்."

"ஏன்? வெறுமையா விட்டா பேப்பர் அழுமோ?"

எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதுங்கள் என்று வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தவர் மெற்றில்டா. வெறுமையாக விடலாம் என்பது அன்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் மெற்றில்டா வழமையான இடத்தை விட்டு, லூர்தம்மாவுக்கு ஒரு வரிசை பின்னால் அமர்ந்தார். பூசையில் அருகிலிருப்பவர்களுக்குக் கை கொடுத்துச் சமாதானம் பகிரும் நேரத்தில் லூர்தம்மா திரும்பிக் கை கொடுத்தார். மெற்றில்டா அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பியற்றிஸுக்கும் அதே கையைத்தான் கொடுத்திருந்தார்.