பீரோ மேல் இருந்த கம்ப்யூட்டர்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் ஜூடித் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். பீரோவின் மேல் அடுக்கியிருந்த ஐந்து அட்டைப்பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கி, ஈரம் போகப் பிழிந்த பனியன் துணியால் துடைத்து, பழையபடி அடுக்கினாள். ஸ்கெலட்டன் என்கிற பழைய சுரங்கக் குடியிருப்பு வீடுகளில் தூசி துடைப்பது ஒரு செய்தியே அல்ல. தங்கச் சுரங்கம் அரைத்துக் கொட்டிய சயனைட் மண் மேடுகள் மழைக்காலத்தில் அடங்கிக் கிடக்கும். தை பிறந்து வெயில் ஏறியதும் அந்த மண் முகப்பவுடர் மாதிரி பறந்து வந்து ஜன்னல் சட்டத்திலும் தண்ணீர்க் குடத்தின் மூடியிலும் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இந்த வீட்டில் வேறு எதையும் ஜூடித் இத்தனை பக்தியாகத் துடைத்ததில்லை என்பது அவள் கணவன் ஜெயகரனின் கட்சி.

"பைபிளு மேலகூட தூசி கீது. அந்த டப்பாவுங்களுக்கு மட்டும் வாராவாரம் குளியலு" என்றான், கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே.

"பைபிள நீங்க தொறந்தீங்கன்னா தூசி தானா போவும்."

"எப்பதான் ஓடும் அது? மேஜை அடிச்சு குடுத்தாச்சு, பிளக் பாயின்ட் இழுத்தாச்சு. பொண்ணு பரீட்சையே வந்துரும் போலக்குதே."

"ஒரு சாமான் பாக்கி."

"போன மாசமும் இதான் சொன்ன."

ஜூடித் கடைசிப் பெட்டியை, கனமான அந்த கிராஃபிக்ஸ் கார்டு பெட்டியை, இரண்டு கையாலும் தூக்கி மேலே வைத்தாள்.

ஜெயகரனுக்குத் தெரிந்தவரை அது மகள் கரோலினுக்கான கம்ப்யூட்டர். அவள் பி.காம் கடைசி வருஷம், டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் படிக்கிறாள், வீட்டில் ஒன்று இருந்தால் நல்லதுதானே என்று ஜூடித் சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேல் சட்டையில்லாமல் பலகை அறுத்து, பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அளவாகப் பொருந்துகிற மாதிரி அவனே மேஜை அடித்தான். அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். அதற்கு முன் பதினைந்து வருஷம் லாரி. இடுப்பு போன பிறகுதான் பஸ்ஸுக்கு வந்தான். பலகை அறுத்த அன்று இரவு தைலம் தேய்த்துவிட்டவள் ஜூடித்தான். தேய்க்கும்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் கரோலினுக்கு இல்லை.

ஜூடித்துக்கு நாற்பத்து மூன்று வயது. தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டலில் பிறந்தவள். சுரங்கத்தை மூடினபோது கல்லூரியில் இருந்தாள். படிப்பை முடித்த கையோடு பெங்களூர் ரயிலில் ஏறினேன், இன்னும் இறங்கவில்லை என்பாள். விடிவதற்கு முன்னே கோரமண்டல் ஸ்டேஷன், பங்காருபேட்டையில் ஏறும் கூட்டத்துக்கு முழங்காலை மடக்கி இடம் விடுவது, கன்டோன்மென்ட்டில் இறங்கி ஒரு பல் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷன். சாயங்காலம் அதையே திருப்பிப்போட வேண்டும். இத்தனை வருஷமும் யாரோ ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து போனவளுக்கு ஒரு ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஜெயகரனிடம் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். "நான் இருக்கசொல்ல உனக்கு இன்னாத்துக்கு?" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற மமதா சாப்பாட்டு நேரத்தில் தன் லேப்டாப்பில் லாரி ஓட்டுவாள். ஏதோ ஒரு ஊரில் சரக்கு ஏற்றி, எங்கேயோ குளிர்ப்பிரதேசத்தில் கொண்டுபோய் இறக்குகிற கேம். "அக்கா, ஒந்து ரவுண்ட் நீங்க ஓட்டுங்க" என்று ஒருநாள் தன் கன்னடம் கலந்த தமிழில் சொல்லி, நகர்ந்து இடம் கொடுத்தாள். ஜூடித் எடுத்த எடுப்பில் ஒரு பெட்ரோல் பங்க்கை இடித்தாள். மறுநாள் ஒரு போலீஸ் வண்டியை. ஒரு மாதம் போனபோது பதினெட்டுச் சக்கர வண்டியை ரிவர்ஸ் எடுத்து, இரண்டு லாரிகளுக்கு நடுவில் உரசாமல் நிறுத்தினாள். மமதா கைதட்டினாள். உள்ளேயிருந்து டாக்டர் என்னவென்று எட்டிப்பார்த்தார்.

நிறுத்தியதைவிட அவளுக்குப் பிடித்தது ஓட்டியதுதான். மழை பெய்கிற நீண்ட ரோடு, வைப்பர் சத்தம், அடுத்த வளைவு எப்போது என்கிற யோசனை. சாம்பார் இருக்கிறதா, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று யாரும் கேட்காத ஒரு பாதை. பிறகு மமதாவுக்குக் கல்யாணமாகி ஹுப்ளிக்குப் போனாள். லேப்டாப்பும் போனது.

ரயிலில் கூட வருகிற கிளாரன்ஸ் பெங்களூர் எஸ்.பி. ரோடில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடையில் வேலை செய்கிறவன். முப்பது வயதிருக்கும். சபையிலும் பழக்கம். கேம் ஓடுகிற கம்ப்யூட்டர் என்ன விலை ஆகும் என்று போன வருஷம் ஜூன் மாதத்தில் அவனைக் கேட்டாள்.

"யாருக்குக்கா?"

"பொண்ணுக்கு."

அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்து வைத்திருக்கவில்லை. கடையில் நல்ல துணியாகப் பார்த்து எடுக்கும்போது பொண்ணுக்கா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அது தானாகச் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை கூடுதல் வேலைக்குக் கிடைத்ததை அவள் தனியாகப் போட்டு வைத்திருந்தாள். ஐம்பதாயிரம். அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது. கிளாரன்ஸ் வழி சொன்னான். மொத்தமாக வேண்டாம், மாதம் ஒரு சாமான் எடுங்கள், கடையில் சலுகை விலை வரும்போது நானே போன் பண்ணுகிறேன் என்றான். மானிட்டரும் கீபோர்டும் செலவில்லாமல் வந்தன. ஆஸ்பத்திரியில் பழசை மாற்றியபோது டாக்டரைக் கேட்டு வாங்கினாள். ஊரார் கடைவாய்ப் பல்லையெல்லாம் பார்த்த மானிட்டர் அது.

"ப்ராசஸர் நடுத்தரமா போதும்கா. கார்டுலதான் துட்டு போடணும், படம் ஓட்டுறதே அதான். ஓடின கார்டு, செகண்ட் ஹேண்டு ஒண்ணு வந்துகீது, கடை கியாரன்டியோட தரேன். கரண்ட்டு பிரிச்சுக் குடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்ல மட்டும் கஞ்சம் புடிக்காதீங்க. நம்ம ஊரு கரண்ட்டு உங்களுக்குத் தெரியாததா? அப்புறம் கேபினெட்டு. முன்னால ஃபுல்லா ஓட்ட ஓட்டயா ஜாலி, சைடுல கண்ணாடி, உள்ள மூணு கலர் லைட்டு. சக்கத்தா, சூப்பரா இருக்கும்!"

"லைட்டு எரியுறத நான் உக்காந்து பாக்கப்போறனா? ஜாலின்னா மண்ணு உள்ள போவுமே."

"ஃபேன் இழுக்கும் இல்ல, போவும்."

"உங்க வீடு ஆண்டர்சன்பேட்டை. என் வீட்டுக்குப் பின்னால சயனைட் மேடு கீதுப்பா. கொசுவல மாதிரி கழட்டிக் கழுவுறது எதனா இருந்தா குடு."

அப்படி ஒன்று இருந்தது. கறுப்பாக, அழகில்லாமல், முன்பக்கம் கழற்றிக் கழுவுகிற வலையோடு. அதை அவள் சாயங்கால வண்டியில் கொண்டுவந்தாள். பெட்டி ஒரு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டது. மாலூர் தாண்டியும் நின்றுகொண்டே வந்த தினசரிப் பயணி சௌந்தரராஜன், "அதுக்கு டிக்கெட்டு எடுத்தியாம்மா?" என்றார். "சீசன் பாஸ் கீது சார்" என்றாள். ரயில்பெட்டி முழுக்கச் சிரித்தது. பிறகு அட்டைப்பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பங்காருபேட்டை வரை கால் மரத்துப்போய் வந்தாள்.

அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. சந்தையில் எப்படி வாங்குவாளோ அப்படி வாங்கினாள். பூசணிக்காய், உருளைக்கிழங்கு என்று கனமானது முதலில். தக்காளி அப்புறம். கொத்தமல்லி கடைசியில், பையின் மேலாக, முடிந்தால் கொசுறாக. ரேம் என்பது சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு. ஜூனில் மூவாயிரத்துச் சொச்சம். அதுதான் கொத்தமல்லி. எங்கே ஓடிப்போகிறது, கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டாள். கிளாரன்ஸும் சரி என்றுதான் சொன்னான்.

டிசம்பரில் அவன் போன் பண்ணவில்லை. ஜனவரியிலும் இல்லை. போன வெள்ளிக்கிழமை டேக்கல் ஸ்டேஷன் தாண்டி வண்டி சும்மா நின்றபோது அவளே கேட்டாள்.

"பதினோராயிரம்கா" என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"எல்லாம் சேத்தா?"

"ரேம் மட்டும். உலகத்துல செய்யறதெல்லாம் ஏஐ கம்பெனிங்களே அள்ளிகினு போறானுங்களாம். எங்க முதலாளியே தலைல கை வச்சிகினு கீறாரு."

அவள் கையில் மூவாயிரமும் ஒரு ஐந்நூறும் இருந்தது.

"கொறையுமா?"

"யாருக்குத் தெரியும்? பாதி அளவு ரேம் போட்டா கம்மில முடியும். ஆனா கேம் திக்கித் திக்கி ஓடும், பொண்ணு திட்டும். இல்லன்னா கார்டைத் திருப்பிக் குடுத்துட்டு சின்னது எடுக்கலாம். அப்ப கேம் கம்ப்யூட்டர்னு சொல்லக்கூடாது. காத்துகினும் இருக்கலாம். ஆனா ஒண்ணுக்கா, வாங்குன நாள்லருந்து வாரண்டி நடந்துகினே கீது. பீரோ மேல வச்சி அழகு பாக்கற சாமான் ஒண்ணு ஓடலன்னாகூட, மாட்டிப் பாத்தாத்தானே தெரியும்? அண்ணன்கிட்ட கேளுங்களேன். பொண்ணுக்குன்னா தரமாட்டாரா?"

ஜெயகரன் தருவான். அதில் ஜூடித்துக்குச் சந்தேகமே இல்லை. இதுவரை எல்லாம் தன் காசு. அதனால் பொய் ஒரு ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கிடந்தது. இப்போது அதே பொய்யைச் சொல்லிக் கைநீட்ட வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை, சமையலறையில் கரோலின் அவளைப் பிடித்தாள். சபையின் பாடகர் குழு பயிற்சியில் கிளாரன்ஸ் அவளிடம், என்ன கேம் ஆடுவாய் என்று கேட்டிருக்கிறான்.

"நான் முழிச்சேன். அவன் ரேம் ரேட்டுக்கு சாரி சொல்றான். டேலிக்கு எதுக்கும்மா கிராஃபிக்ஸ் கார்டு? கணக்குல பேலன்ஸ் ஷீட்டு பறந்து வருமா?"

ஜூடித் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். லாரி, மழை, ரிவர்ஸ், எல்லாம். கரோலின் முதலில் சிரித்தாள். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஆடு. எனக்கென்ன? ஆனா அப்பாகிட்ட என் பேரச் சொல்லித் துட்டு கேக்காத. நாளைக்கு நான் பெங்களூர்ல வேலைக்குப் போயி பி.ஜி. ஹாஸ்டல்ல தங்குறேன்னா, 'உனக்காகத்தானே கம்ப்யூட்டர் வாங்கினோம், மேஜை அடிச்சோம்'னு ஆரம்பிப்பாரு. நீ வாங்குனதுக்கு நான் ஏன் கடன்படணும்?" என்றாள்.

நியாயம்தான். கேட்பதில்லை என்று ஜூடித் முடிவுசெய்தாள். துட்டும் கேட்க வேண்டாம், நிஜத்தையும் சொல்ல வேண்டாம், விலை இறங்குகிறபோது இறங்கட்டும். அந்த முடிவோடுதான் ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலில் ஏறியிருந்தாள்.

அவள் இறங்கும்போது ஜெயகரன் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த நோட்டுகளை எடுத்து, தான் அடித்த மேஜையின் மேல் வைத்தான்.

"எட்டாயிரம் கீது. கிளாரன்ஸு கோயில் வாசல்ல சொன்னான், என்னமோ ரேட்டு ஏறிடுச்சாமே. என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? புள்ளைக்கு இல்லாததா?"

ஜூடித் ஈரத்துணியை மடித்தாள். பிறகு பிரித்தாள்.

"கரோலினுக்கு இல்லங்க."

"பின்ன?"

"எனக்கு."

"உனக்கு இன்னாத்துக்கு கம்ப்யூட்டரு? ஆஸ்பத்திரி வேலைய வீட்டுக்குக் கொண்டாரச் சொல்றாங்களா?"

"கேம் ஆட. லாரி ஓட்டுற கேம்."

அவன் அவளைப் பார்த்தான், பீரோவின் மேல் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். "லாரி" என்றான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது. கையை ஊன்றிக்கொண்டு மிச்சத்தையும் சிரித்து முடித்தான்.

"பதினஞ்சு வருஷம் ஓட்டி நான் பாழா போனது பத்தாதா? துட்டு குடுத்து ஓட்டுவியா நீ? ஸ்டியரிங் எங்க?"

"கீபோர்டுல ஓட்டுவேன்."

"ரிவர்ஸு?"

"ரிவர்ஸும்தான். பதினெட்டுச் சக்கரம்."

"பொய்யி."

"மமதாவக் கேளுங்க. ரெண்டு லாரிக்கு நடுவுல விட்டேன்."

"கண்ணாடி பாத்தா, தலைய நீட்டிப் பாத்தா?"

"கண்ணாடி பாத்து. முதல்ல எதிர்ப்பக்கம் ஒடிச்சி, அப்புறம் நேராக்கி."

அவன் சிரிப்பு நின்றது. தப்பு கண்டுபிடிக்கிறவன் மாதிரி நெற்றியைச் சுருக்கினான். தப்பு இல்லை போலிருக்கிறது.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. இடிச்சு இடிச்சுக் கத்துகினேன்."

வெளியே பக்கத்து வீட்டில் தண்ணீர் லாரிக்குக் குடம் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. ஜெயகரன் மேஜையின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து, உப்புத்தாள் தேய்த்த இடத்தைத் தடவிப் பார்த்தான். எங்கோ ஒரு சிராய் இருந்திருக்க வேண்டும். நகத்தால் கிள்ளி எடுத்துப் போட்டான்.

"இந்த மேஜைய அடிக்கசொல்ல சொல்லி இருக்கலாம் இல்ல?"

"சொல்லி இருந்தா அடிச்சிருப்பீங்களா?"

அவன் சிராய் எடுத்த இடத்தை மறுபடி தடவினான்.

ஜூடித் நோட்டுகளை எடுத்து அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இது கரோலின் பேர்ல குடுத்தது. அவளுக்கு வேணாமாம். என் பேர்ல குடுக்கறதா இருந்தா குடுங்க, இல்லன்னா எடுத்துக்குங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க, அடுத்த வாரமும் நான் இந்த ஸ்டூல்ல ஏற முடியாது. குடுப்பீங்களா?"

ஜெயகரன் எழுந்தான். கழற்றி வைத்த ஷூவை மறுபடி மாட்டினான். மெதுவாக, இரண்டு முடிச்சு போட்டு. ஆணியில் தொங்கிய பஸ் சாவியை எடுத்தான். நாளைக்குக் காலையில்தான் பஸ். டயரில் காற்று பார்க்க வேண்டும் என்று வாய்க்குள் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. நோட்டுகளை அவன் எடுக்கவும் இல்லை, அவள் பக்கம் தள்ளவும் இல்லை. கதவருகில் ஒருமுறை நின்று பீரோவின் மேல் பார்த்தான். பிறகு கதவு நிலை இடிக்காமல் தலை குனிந்து வெளியே போனான். நோட்டுகள் யார் பேரிலும் இல்லாமல் மேஜை மேலேயே கிடந்தன.