பேராலயத்தின் படலை

இன்று மகளைப் பள்ளிக்கூட வாசலில் காணாமல் தவித்துப்போனேன். அவள் உள்ளேதான் சிநேகிதியோடு கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வாசல் என்றாலே எனக்குத் தொண்ணூறுகளில், சிறுமியாக இத்தாலியின் பலெர்மோவில் இருந்தபோது கழிந்த ஒரு சனிக்கிழமைதான் நினைவு வருகிறது.

அந்த வாரம்தான், நாங்கள் மாயெஸ்த்ரா என்று கூப்பிடும் எங்கள் ஆசிரியை பேராலயத்தைக் காட்டக் கூட்டிப்போயிருந்தார். முன்னொரு காலத்தில் அதைச் சுற்றி மதிலும் வாசல்களும் இருந்தனவாம். துரத்தப்படுகிறவன் வாசலைத் தாண்டிவிட்டால் அரசனின் காவலர்கூட அவனைத் தொட முடியாதாம். இப்போது எஞ்சியிருப்பது கல்லுப் புனிதர்கள் வரிசையாக நிற்கும் பளிங்குச் சுவரும் இரும்புக் கதவும்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

இத்தாலியில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ பத்திரம் அம்மாவிடம் இருந்தது. அவருடைய தம்பியான மாமாவிடம் இல்லை. நான் பேராலய வாசலின் கதையைச் சொன்னதும் மாமா சிரித்தார்.

“ஊரிலை எங்கடை வீட்டு வாசல் படலைக்கு இப்பிடி ஒரு சக்தி இருந்திருந்தா நான் ஏன் பிள்ளை இஞ்சை வாறன்?”

சனிக்கிழமை கபோ சந்தையில் மீனும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு மூவரும் பேராலயப் பக்கமாக வந்தோம். முன்னால் இரண்டு பொலிஸ்காரர் ஆட்களை நிறுத்திப் பத்திரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்படியே நின்றுவிட்டார். நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“உள்ளுக்கு வாங்கோ மாமா! அங்கை பிடிக்கேலாது!”

“ஆர் சொன்னது?”

“மாயெஸ்த்ரா!”

“மாயெஸ்த்ராவே சொன்னா அப்ப வேறை கதையில்லை” என்று கூடவே வந்தார். அம்மாவும் பின்னால் வந்தார்.

உள்ளே மரத்தடியில் அவரை இருத்திவிட்டு, முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். பொலிஸ்காரர் எங்களைக் கண்டுவிட்டார்கள். கதவை நோக்கி வந்தார்கள். நடையின் வேகம் குறையவே இல்லை. மாமா அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சந்தைப் பையை அம்மாவிடம் கொடுத்தார்.

“அக்கா, பிள்ளையோடை இருங்கோ.”

அவர்கள் கதவடிக்கு வருமுன்பே ஓட்டமும் நடையுமாக வெளியே போய், தெருவில் நின்று “போன்ஜோர்னோ” என்று வணக்கம் சொன்னார். அங்கிருந்தே அவரைக் கூட்டிப்போனார்கள்.

நாட்டைவிட்டுப் போகும்படி ஒரு தாளைக் கையில் கொடுத்து மாலையில் விட்டுவிட்டார்கள். மாமா ஜெர்மனிக்குப் போவதென்று முடிவாயிற்று. அவர் பை கட்டும்போது எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது.

“ஏன் மாமா வெளியாலை போனியள்? உள்ளுக்கு நிண்டிருந்தா அவையளாலை தொட்டிருக்கவே ஏலாது!”

“ஓமடி பிள்ளை. மறந்துபோனன். மாமா ஒரு விசரன்.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைகளை மடித்தார். ஜெர்மனியில் இறங்கியதும் முதல்வேலையாக அங்கே பேராலயம் எங்கே, அதன் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டு வைக்கச் சொன்னேன். மாமா ஓம் என்றார். இவ்வளவு மறதிக்காரரை எப்படித் தனியாக அனுப்புகிறார்கள் என்று எனக்கு வெகுநாள் கவலையாக இருந்தது.