பழி துப்பாக்கி மேல்

என் தோழிகளின் சித்திகள் கேக் செய்து விற்றார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். என் சித்தி மலேசியாவின் ஜொகூர் மாநில அணிக்காகத் துப்பாக்கி சுட்டார். இதைப் பள்ளியில் சொல்லிச் சொல்லியே நான் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது சித்தியின் குண்டுகள் குறி தப்ப ஆரம்பித்தன. ஒன்று மேலே போகும், ஒன்று இலக்குத் தாளிலேயே படாது. அடுத்த மாதம் அணித் தேர்வு. சித்தி துப்பாக்கியைத்தான் திட்டினார். குறி பார்க்கும் பாகம் ஆடுகிறது என்று எல்லோரிடமும் சொன்னார். அவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதைப் பார்த்து, அம்மா மட்டும் அடுப்படிக்குள் போய்விடுவார்.

பொந்தியான் சாலையில் இருந்த பயிற்சித் திடலுக்கு ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அங்கிருந்த கோச், ஓய்வுபெற்ற போலீஸ்காரர். “சும்மா துப்பாக்கிய கொற சொல்லாதம்மா. மேசையில வச்சுப் பாத்துருவோம்” என்றார்.

மணல்மூட்டையில் கையைத் தாங்கி வைத்துச் சுட்டால் கையின் ஆட்டம் அடங்கிவிடும், அப்போதும் குண்டு சிதறினால் துப்பாக்கியில்தான் கோளாறு என்று எனக்கும் விளக்கினார். என் மண்டையில் அது ஏறவில்லை. நடுவில் பட்டால் நல்லது, அவ்வளவுதான் என் கணக்கு. கண்ணாடிக்குப் பின்னால் நின்று முருகனை வேண்டிக்கொண்டேன்.

முதல் தாளில் குண்டுகள் சிதறியிருந்தன. சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா கோச்? நான்தான் சொன்னேன்லா.”

கோச் குனிந்து பார்த்தார். “துப்பாக்கிக் குழாய் மூட்டைய தொட்டுக்கிட்டு இருக்கேம்மா. சுடும்போது எகிறாதா? புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நீயே இத சொல்லிக் குடுப்பியே.”

சித்தி தெரியாமல் அப்படி வைத்தாரா, தெரிந்தேதான் வைத்தாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

கோச் மூட்டையைப் பின்னுக்கு இழுத்து, கைக்கு அடியில் மட்டும் தாங்கும்படி வைத்தார். முதுகு வளையாமல் இருக்க உயரத்தையும் கூட்டினார். “அவசரம் வேணாம். விரல மெதுவா இழு.”

இரண்டாவது தாளின் ஓட்டைகளை ஓர் இருபது காசு நாணயத்தால் மூடிவிடலாம். நான் துள்ளிக் குதித்தேன். முருகன் எனக்குச் செவிசாய்த்துவிட்டார். சித்திக்கு வேண்டியிருந்ததோ குண்டு சிதறுவது மட்டும்தான்.

“துப்பாக்கி நல்லாதான்மா இருக்கு” என்றார் கோச், மெல்லிய குரலில். சித்தி தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொலைக்காட்சியில் ஜெயித்தவர்கள் அழுவார்களே, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

காரில் ஏறியதும் அந்தத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டேன்.

“வேணாம்டி.”

“போடுங்க சித்தி, ஸ்கூல்ல காட்டணும்.”

ஸ்டியரிங்கில் தாளை வைத்து அழுத்தி எழுதினார். எழுத்துகள் கோணல்மாணலாக ஓடி, பேனா ஓரிடத்தில் தாளைக் கிழித்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“நல்ல தாள கெடுத்துட்டீங்களே. ஒழுங்கா போடுங்க சித்தி.”

சித்தி கோபப்படவில்லை. “சரிடி, இரு” என்று தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் இன்னொரு முறை தொடங்கினார். ஒரு பெயரை எழுத இவ்வளவு நேரமா என்று சலித்துக்கொண்டு, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.