உதட்டைப் படித்த பிள்ளை

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் யாரையும் கூப்பிட்டுப் பயனில்லை. தறிச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். தொட்டிலிலிருந்தே அந்தக் கூடத்தில் வளர்ந்த என் மகள், ஐந்து வயதில் தூரத்தில் நின்றே என் உதட்டைப் படித்தாள். சூட்டிகையான பிள்ளை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். மடச்சி நான்.

அவளுக்கு இரண்டு காதிலும் சீழ் வடியும், நிற்கும். மருந்துக்கடைச் சொட்டு மருந்தை விட்டுவிட்டுத் தறிக்கு ஓடுவேன்.

முதலாளியம்மாவின் பேத்திக்கும் அதே வயது, அதே சீழ். டிவியை அலற விடுகிறாள் என்று கவனித்தவர்கள், அடுத்த வாரமே கோயமுத்தூரில் ஆபரேஷனை முடித்துவிட்டார்கள். பிள்ளைக்குக் காது மந்தம் என்று தெரிகிற அளவுக்கு அந்த வீட்டில் அமைதி இருந்தது. அந்த அமைதியும் எங்கள் தறிச் சத்தத்தில் சம்பாதித்ததுதான்.

அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. ஒருநாள் மதியம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. தட்டத்தைத் தரையில் போட்டேன். அப்போதும் திரும்பவில்லை.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போக நாலு நாள் லீவு கேட்டேன்.

"பாவு முடியட்டும் அம்மிணி, அப்பறம் போலாம்" என்றார் முதலாளியம்மா. தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் நெய்து முடிந்தால் அடுத்த பாவு ஏறியது. வேலை போனால் சோறு போகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு வருமானச் சான்றுக்கு அலைச்சல், காப்பீட்டு அட்டைக்கு அலைச்சல், ஸ்கேனுக்கு ஒரு தேதி, ஆபரேஷனுக்கு இன்னொரு தேதி. எட்டு மாதம் ஓடிப்போனது.

"வலது காதைக் காப்பாத்திரலாமுங்க. இடது காதுல சீழு எலும்பையே அரிச்சுப்போட்டுது. அது இனிக் கேக்காதுங்க. நேரத்தோட வந்திருந்தா ரெண்டுமே தப்பிச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

தையல் பிரித்த மறுவாரம், வேறு வழியில்லாமல் மகளையும் கூட்டிக்கொண்டு தறிக்குப் போனேன். முதலாளியம்மா என் காதருகே வந்து கத்தினார்:

"ஏனம்மிணி, பெத்தவளுக்கு இதுகோடவா தெரியாது? காலாகாலத்துல காட்டியிருக்கோணுமல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் முகத்தை நேராகப் பார்த்து, குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். அப்போதும் பழக்கதோஷம், மரியாதையோடுதான் வந்தது.

"நாசமாப் போங்க."

தறியில் ஒருநாளும் நிற்காத அந்தம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார். என் மகள் படித்துவிட்டாள். ஒரு காதில் இன்னும் பஞ்சோடு அவரை அண்ணாந்து பார்த்து, சத்தமில்லாமல், அதே வார்த்தையைத் தானும் ஒருமுறை சொன்னாள்.