எல்லாக் கைகளும் உயர்ந்தபோது

டோர்ட்மண்டில் எங்கள் தமிழ்ப் பள்ளிச் சங்கத்துக்குப் பல வருடங்களாக நான்தான் தலைவர். நிர்வாகத்தையும் கணக்கையும் ஒழுங்குபடுத்த உதவுவதற்கென்று ஒரு ஜெர்மன் பயிற்சியாளர் வந்தார். வந்த நாளிலிருந்தே எனக்கு அவர்மேல் சந்தேகம். எதற்கெடுத்தாலும், "இதை யார் முடிவு செய்தது?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

ஆண்டுக் கூட்டத்தில் அவர் எழுந்து, தலைவருக்கு 'என்ட்லாஸ்டுங்' கொடுக்கச் சம்மதமா என்று உறுப்பினர்களிடம் கேட்டார். எங்கள் கூட்டங்களில் அதுவரை இல்லாத வாக்கெடுப்பு அது. என் காதில் விழுந்தது 'என்ட்லாசுங்'. அதாவது வேலைநீக்கம். தொழிற்சாலையில் இரண்டு முறை அந்தச் சொல்லைக் கேட்டவன் நான்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. நானே சேர்த்துவிட்ட ஆசிரியை சுகந்தியின் கைதான் முதலில் உயர்ந்தது. பள்ளிக் கதவின் திறப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் போட்டேன்.

"ஏனண்ணை திறப்பைத் தாறியள்?" என்றாள் சுகந்தி.

"எல்லாருமாச் சேர்ந்து என்னைக் கலைச்சுப்போட்டியள்தானே!"

"ஐயோ அண்ணை, ஆர் கலைச்சது? அவர் கேட்டது என்ட்லாஸ்டுங். போன வருசம் நீங்கள் செய்ததெல்லாம் சரி எண்டுதான் கை உயர்த்தினனாங்கள்."

பயிற்சியாளர் ஒன்றும் புரியாமல் திறப்பை என்னிடமே நீட்டினார். சிரித்துச் சமாளித்தேன்.

ஆனால் கைகள் உயர்ந்த அந்த அரை நிமிடத்துக்குள், இனி யார் யாருடன் பேசக்கூடாது என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். முதல் பெயர் சுகந்தி. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.