மணிமொழி இறங்கிப்போன மேடை

மணிமொழியை மேடையிலிருந்து யாரும் இறக்கிவிடவில்லை. அவளாகத்தான் இறங்கினாள். நெய்வேலி டவுன்ஷிப்பில் சிலர் இன்னமும் இதை மாற்றிச் சொல்கிறார்கள். ஆட்டம் மறந்துபோய் நின்றுவிட்டாள், கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டாள், பாவம், கான்ட்ராக்ட் பொம்பளைதானே என்கிறார்கள். மற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அந்தப் 'பாவம்' காதில் விழும்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள் அவள். அப்பா பெயர் பாவாடை. அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். சுரங்கம் விரிந்து ஊரை நெருங்கியபோது நிலம் வைத்திருந்தவர்கள் கூட்டம் போட்டார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள், பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். அந்த நிலத்தில் குனிந்து நாற்று நட்டவர்களை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. பாவாடையின் குடும்பம் மந்தாரக்குப்பத்தில் ஓர் ஒற்றை அறை வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மணிமொழி பிளஸ் டூ முடித்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் சிவக்குமாரைக் கட்டிக்கொண்டாள். பிறகு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனாள். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்திக் கிடக்கும் கரியை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டில் போடும் வேலை.

பெல்ட் நின்றுவிட்டால் அது ஓடும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் இரும்புத் தகடு போட்ட நடைபாதையில் நின்றபடி அவள் சேஃப்டி ஷூவால் தட்டிக்கொண்டிருப்பாள். முன்பக்கத்தால் ஒரு சத்தம், குதிகாலால் ஒரு சத்தம், ஓரத்தால் இழுத்தால் இன்னொன்று. அவளோடு வேலை செய்யும் பாப்பா ஒருநாள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டாள்.

"ஏ மணி, காலாடி அது? தையல் மிஷினு மாதிரி ஓடுது!"

பாப்பா அதைப் போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினாள். அது சுற்றிச் சுற்றி, மந்தாரக்குப்பத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஆரோக்கியதாஸின் போனுக்கு வந்தது. தாஸ் பறையடிப்பவர். கோயில் தேர், கட்சிக் கூட்டம், சாவு, கல்யாணம் எதுவானாலும் கூப்பிட்டால் போவார். அவரே விசாரித்துக்கொண்டு மணிமொழியின் வீட்டுக்கு வந்தார்.

"நான் அடிக்கிறேன். நீ காலால பதில் சொல்லு. சரியா வரலன்னா நான் பாட்டுக்குப் போயிடறேன்" என்றார்.

போகவில்லை. அன்று பொழுது சாயும்வரை அடித்தார். அவர் ஒரு அடியை அடித்து, அடுத்த அடி விழ வேண்டிய இடத்தைக் காலியாக விடுவார். அந்த இடத்தில் அவள் கால் விழும். திடீரென்று சொல்லாமல் கொள்ளாமல் தாள நடையை மாற்றுவார். அவள் அரை நொடி தடுமாறி, அவர் கையைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்துக்கொள்வாள். சில நேரம் அவள் முந்திக்கொண்டு மாற்றிவிடுவாள். அப்போது தாஸ் "அடியேய்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவருவார், குச்சிகளோடு.

வெளிநாட்டில் இதற்கு டேப் டான்ஸ் என்று பெயர் என்பது போனில் தேடிப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் ஒரு ஜோடிப் பழைய தோல் ஷூவைக் கொடுத்து முன்னும் பின்னும் லாடம் அடித்து வாங்கினாள். தாஸ் ஒரு கெட்டியான ப்ளைவுட் பலகை கொண்டுவந்தார். மாதா கோயில் திருவிழாவில் ஆடினார்கள். தொழிற்சங்கக் கூட்டத்தில் ஆடினார்கள். வடலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனபோது மட்டும் பெண் வீட்டுக்காரர் ஒருவர் வந்து, "அந்தம்மா ஆடட்டும், இந்த மேளம் உள்ள வேணாம்" என்றார். தாஸ் பறையை உறைக்குள் போட்டுக் கட்டினார்.

"சும்மா வந்துட்டீங்களே, அண்ணே" என்று திரும்பி வரும் வழியெல்லாம் மணிமொழி பொருமினாள்.

"பழகிப்போச்சு மணி."

"எனக்குப் பழகல. பழகவும் வேணாம்."

வைத்திலிங்கம் அவர்களைப் பார்த்தது அதற்குப் பின்னால் ஒரு பள்ளி விழாவில். சுரங்கத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், டவுன்ஷிப்பில் ஒரு கலைமன்றத்துக்குச் செயலாளர். ஆட்டம் முடிந்ததும் நேரே வந்து மணிமொழியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நம்ம ஊர்ல டேப் டான்ஸ்! அதுவும் ஒரு வொர்க்கர்! எங்க ஆண்டு விழாவுல நீ ஆடணும்மா. சீஃப் கெஸ்ட் எல்லாம் பெரிய ஆளுங்க."

"நாங்க ரெண்டு பேருங்க சார். தாஸ் அண்ணனும் நானும்."

"ஆமாமா, எல்லாரும் வாங்க."

விழாவுக்குச் சில வாரம் முன்னால் இருவரையும் வடலூரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் முழு ஆட்டத்தையும் பதிவு செய்தார்கள். எதற்கு என்று கேட்டாள். மைக் கோளாறு ஆனால் கைவசம் இருக்கட்டும் என்றார்கள். அவளுடைய காலுக்கு ஒரு மைக், தாஸின் பறைக்குத் தனியாக ஒரு மைக். ஏன் தனித்தனியாக என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

விழா நாளன்று மதியமே போய் மேடையில் பலகையைப் போட்டுத் தட்டிப் பார்த்தாள். நன்றாகக் கேட்டது. சாயங்காலம் அவளை ஒப்பனை அறைக்கு அழைத்துப் போனார்கள். தாஸை வாசல் கேட்டில் நிறுத்திவிட்டு, மேடை ஏறும் நேரத்தில் கூப்பிடுகிறோம் என்றார்கள். விருந்தினர்களுக்குச் சால்வை போடும் நேரத்தில் மேடை முழுவதும் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். சால்வை எல்லாம் போட்டு முடிந்தது. கம்பளத்தை யாரும் எடுக்கவில்லை.

திரை விலகியபோது மணிமொழி நடு மேடையில் நின்றாள். பக்கத்தில் தாஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. வந்துவிடுவார் என்று நினைத்தாள். அதற்குள் ஸ்பீக்கரில் இசை தொடங்கிவிட்டது. கால் பழக்கத்தில் எழுந்தது.

ஆடினாள். கம்பளம் சத்தத்தை அப்படியே விழுங்கியது. ஆனால் அரங்கம் முழுவதும் அவள் காலின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அன்றைக்கு வடலூரில் ஆடிய காலின் சத்தம். அதன் அடியில் பறை இல்லை. பறை இருந்த இடத்தில் ஒரு கீபோர்டும் தபேலாவும் ஓடிக்கொண்டிருந்தன. தாஸ் இடம் விட்ட இடத்திலெல்லாம் அவள் கால் விழுந்தது. அவர் கேட்ட கேள்வியைத் துடைத்துவிட்டு அவள் பதிலை மட்டும் வைத்திருந்தார்கள். ஒரு சுற்றில் கால் தவறியது. ஸ்பீக்கரில் தவறவில்லை. முன்வரிசையில் கை தட்டினார்கள்.

அவள் நின்றாள்.

சத்தம் நிற்கவில்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டு அசையாமல் நின்றவளைச் சுற்றி அவளுடைய கால்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் பாப்பா நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டாள்.

"அங்க பாருங்க! காலு நிக்கிது, சத்தம் ஓடுது!"

ஓரத்திலிருந்து வைத்திலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆடும்மா, ஆடு! சும்மா காலை அசைச்சாப் போதும்!" என்றார்.

சும்மா அசைத்தால் போதும். மணிமொழிக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது.

"தாஸ் அண்ணன் எங்க சார்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். கெஸ்ட் உக்காந்திருக்காங்க."

"இதுல மேளத்தைக் காணமே. எங்க சார் போச்சு?"

"நல்ல நாள்ல அந்தச் சத்தம் வேணாம்னு கமிட்டியில சொல்லிட்டாங்கம்மா. உன் டான்ஸுக்கு ஒரு குறையும் வைக்கலையே?"

அவள் பக்கவாட்டுப் படியில் இறங்கவில்லை. முன்படியில் இறங்கி, முதல் வரிசைக்கும் மேடைக்கும் நடுவே நடந்தாள். சீஃப் கெஸ்ட் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். சிமென்ட் தரைக்கு வந்ததும் லாடம் சத்தம் போட்டது. அதை அடக்க அவள் முயலவில்லை. கேட் வரைக்கும் ஓங்கி மிதித்துக்கொண்டே போனாள்.

தாஸ் கேட்டுக்கு வெளியே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருந்தார். பறை மடியில் இருந்தது. ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருந்தார்.

"மேளம் இல்லன்னு எப்பத் தெரிஞ்சுது ஒனக்கு?"

"ஆரம்பிச்ச ஒடனே தெரிஞ்சுதுண்ணே."

"அப்பறமும் ஆடிக்கினு இருந்தியே."

தாஸ் எழுந்து பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வைத்திலிங்கம் சொன்னதைவிட இது அவளை ஆழமாகக் குத்தியது. அதே நேரம் இவர்மேலும் கோபம் வந்தது. நிறுத்தியது நான்தானே, இறங்கி வந்தது நான்தானே என்று அவருடைய வண்டி போன திசையைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள்.

அடுத்த ஷிஃப்டுக்குப் போனபோது கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அவளை உள்ளே விடவில்லை. "கொஞ்ச நாள் வராத. மேல பேசிக்கினு இருக்காங்க" என்றான். யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று சொல்லவில்லை. வீட்டில் சிவக்குமார் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"ஒரு பாட்டுதான? ஆடி முடிச்சிட்டு வந்து சண்டை போட்டிருக்கலாமில்ல?"

"ஆடி முடிச்சப்பறம் சண்டை போட என்னா இருக்கு?" என்று அவள் கேட்ட வேகத்தில் அவன் சாவியை எடுத்துக்கொண்டு சவாரிக்குக் கிளம்பிவிட்டான்.

வைத்திலிங்கத்தின் வீட்டுக்குத் தனியாகவே போனாள். அவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பதிவை அழித்துவிடச் சொன்னாள்.

"அது மன்றத்தோட சொத்தும்மா."

"என் காலு எப்ப சார் மன்றத்துக்குச் சொத்தாச்சு?"

"கோவப்படாத. உன்னை மேல கொண்டு வரலாம்னுதான் நான் அவ்வளவு பாடுபட்டேன்."

"என் காலு அவரு கையைப் பாத்துதான் சார் போவுது. கையை வெட்டிப் போட்டுட்டு காலை மட்டும் மேல தூக்குவீங்களா?"

அவர் குழாயை மூடினார். "உனக்கு நன்றி கிடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பதிவை அவர் அழிக்கவே இல்லை.

வேலை திரும்பக் கிடைத்ததற்குப் பாப்பாதான் காரணம். பெல்ட் பக்கம் வேலை செய்யும் பெண்களைக் கூட்டிக்கொண்டு கான்ட்ராக்டரின் ஷெட் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "மணி உள்ள வராம நாங்க மம்பட்டியைத் தொட மாட்டோம்" என்றாள். கரி பெல்ட்டுக்கு அடியில் குவிந்துகொண்டே போனது. சங்கத்து ஆட்களும் வந்து பேசினார்கள். மணிமொழியை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பழைய இடத்தில் இல்லை. அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் பக்கம் போட்டார்கள். அங்கே கால் வைத்தால் புதையும், சத்தமே வராது. வேண்டுமென்றே செய்தார்கள் என்றுதான் இன்றுவரை அவள் சொல்கிறாள்.

தாஸின் கடைக்கு அவள் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. சண்டை போடத்தான் போனாள். அவர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடிக்கினு இருந்தியேன்னு கேட்டீங்களே. தப்புதான், ஆடினேன். நீங்க என்னா பண்ணீங்க? மேளம் கையிலதான இருந்துச்சு? கேட்டு வாசல்ல நின்னு ஓங்கி அடிச்சிருந்தா உள்ள எனக்குக் கேட்டிருக்காதா? நான் அங்கயே நிறுத்தியிருக்க மாட்டனா?"

தாஸ் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். தண்ணீர் அவர் முழங்கை வழியாகச் சொட்டியது.

"அடிச்சிருக்கணும்" என்றார். "வாட்ச்மேன் உக்காருன்னான், உக்காந்துட்டேன். உக்காந்தே பழக்கம்."

"இனிமே உக்காராதீங்க."

"சரி."

அதற்குப் பிறகு அவர்கள் எங்கே கூப்பிட்டாலும் முதலில் தாஸ்தான் மேடை ஏறுகிறார். அவர் பறையைத் தட்டிக் காட்டிய பிறகுதான் மணிமொழி ஷூவை மாட்டுவாள். இதைக் கேட்டுச் சிலர் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கல்யாணக்காரர்கள் பலர் விட்டார்கள். விடட்டும் என்று இருக்கிறார்கள்.

போன மே தினத்தன்று மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு லாரியின் பின்பலகையை இறக்கிவிட்டு, லாரியின் மேலேயே ஆடினார்கள். வெயில் தாழவில்லை. தாஸ் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, மெதுவாகத் தொடங்கி, ஓரிடத்தில் வெடுக்கென்று நிறுத்தினார். மணிமொழியின் கால் அந்த இடத்தில் விழுந்தது. லாரி அதிர்ந்தது. அவர் மறுபடி எடுத்தார், அவள் குறுக்கே புகுந்து மாற்றினாள், அவர் கத்திக்கொண்டு துரத்தினார். பேருந்துக்கு நின்றவர்கள் பேருந்தை விட்டுவிட்டு நின்றார்கள். சிவக்குமார் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்து பார்த்தான்.

மூச்சு வாங்க அவள் தண்ணீர் குடிக்கும்போது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் லாரி அருகில் வந்தார்.

"நல்லாத்தான் ஆடறம்மா. ஆனா மூஞ்சியில ஒரே கோவமா இருக்கு. கொஞ்சம் சிரிச்சிக்கினு ஆடலாமில்ல?"

மணிமொழி பாட்டிலை மூடினாள்.

"சிரிப்பு வந்தா சிரிக்கிறேங்க" என்றவள், தாஸ் பக்கம் திரும்பி, "அண்ணே, எடுங்க" என்றாள்.